யூனிட் குறைகிற மாதம்

ஐப்பசி வந்துவிட்டதென்று
எனக்கு முதலில் சொல்வது வானமில்லை,
திருப்பாலைக்குடி வீட்டுச் சுவர்களில்
மீட்டருக்குள் இருக்கும் அந்தச் சிவப்புப் பொட்டு.
ஆவணியில் மூச்சிரைக்க மின்னியது
இப்போது
யோசித்து யோசித்து மின்னுகிறது.

கச்சான் ஓய்ந்துவிட்டது.
நாலு மாதமாய்க் கடலைப் பார்த்துப் படபடத்த
கொடித்துணியெல்லாம்
நேற்றிலிருந்து வீட்டைப் பார்த்துப் பறக்கிறது.
காயத்தான் இல்லை.

என் வேலை எளிது.
படியேறு, பார், எழுது, அடுத்த வீடு.
மழைக்கோட்டு இவருடையது.
கையை நீட்டினால் விரல் வெளியே வர
ஒரு நிமிஷம் ஆகிறது,
அதற்குள் அட்டையெடுக்க உள்ளே ஓடியவர்கள்
திரும்பியே வந்துவிடுகிறார்கள்.

சித்தி ஜுலைகா வீட்டு அட்டை
இந்தத் தடவையும் அரிசிப் பானைக்குள்.
தீப்பெட்டியும் அங்கேதான்,
மகனுடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழும்.
"ஈரம் ஏறாத இடம் இந்த ஊர்ல இது ஒண்ணுதான்"
என்று பானையைத் தட்டிக் கொடுத்தாள்.
அட்டையிலிருந்து இரண்டு புழுங்கலரிசி உதிர்ந்தது.
நூற்று நாற்பது.
போன தடவை இருநூற்று எழுபது.
மிச்சமாகும் காசுக்கு நண்டு வாங்குவாளாம்.
"சிங்கி இறால் இல்லம்மா, நண்டு"
என்று ஆசைக்கும் ஒரு வரம்பு கட்டிக்கொண்டாள்.

முனியராஜின் வள்ளம் கரையில் கிடக்கிறது.
பாம்பனில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள்.
கடலுக்குப் போகாத ஆளுக்கு
வீட்டில் எங்கே உட்கார்வதென்று தெரியவில்லை.
நாற்காலியை மூன்று இடத்தில் போட்டுப் பார்த்து
ஒழுகாத மூலையைக் கண்டுபிடித்தார்.
அங்கே ஏற்கெனவே ஆடு.
நான் எண்ணைக் குறித்துக்கொண்டு திரும்பும்போது
இரண்டு பேருக்கும்
ஒரே கடலைப் பொட்டலம்.

பள்ளிக்கூடம் லீவு என்று
கலெக்டர் சொன்ன பத்தாவது நிமிஷம்
வெயில் அடித்ததாம்.
பிள்ளைகள் பதறிப்போய்
மேகம் திரும்பி வரும்வரை
வெளியே தலைகாட்டவேயில்லை.
இப்போது குழாயடித் தண்ணீரில்
செருப்பைப் படகாக விட்டுத் தொலைத்த ஒருவன்
ஒற்றைச் செருப்போடு நொண்டியடித்து
எனக்கு வழி காட்டுகிறான்.
வழி எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.

ஞானதிரவியம் கடையில்
மழை நாளென்றால் உளுந்த வடை
பதினோரு மணிக்கே வந்துவிடும்.
எண்ணெய் விரலில் பட்டன் வழுக்கி
கைக்கருவி யாரோ ஒருவருக்கு
ஏழாயிரம் யூனிட் என்றது.
அழித்துவிட்டு
இன்னொரு வடை சொன்னேன்.

ஒரு வீடு பூட்டியிருந்தது.
போன எண்ணும் இந்த எண்ணும் ஒன்று.
குவைத்தில் இருக்கிறார்கள்.
வாசல் முருங்கை மட்டும்
முதல் மழைக்கே தளதளவென்று நின்றது.
பக்கத்து வீட்டுப் பெண் ஒரு கொத்து ஒடித்து
என் ஸ்கூட்டர் கூடையில் போட்டாள்,
தன் வீட்டு மரம் போல.
பூஜ்யம் என்று எழுதினேன்.
கீரையை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ராத்திரி எங்கள் மீட்டரையும்
சும்மா ஒரு தரம் பார்த்துவிட்டு
ஃபேனை நிறுத்தினேன்.
அப்போதுதான் கேட்டது
இத்தனை நாள் ஃபேன் சத்தத்துக்குப் பின்னால்
காத்துக்கொண்டு நின்ற கடல்.
பெரிய அலை கிடையாது இங்கே.
தூக்கத்தில் குழந்தை
உதட்டைச் சப்புவது போல
ஒரு சத்தம், கொஞ்சம் இடைவெளி, ஒரு சத்தம்.

இவரை எழுப்பிச் சொல்லலாமா
என்று நினைப்பதற்குள்
மகள் போர்வையிலிருந்து தலையை நீட்டினாள்.
"அம்மா, சத்தம் இல்லாம தூக்கம் வரல."
எழுந்து போய் ஒன்றில் வைத்துவிட்டு வந்து
மறுபடி போர்வைக்குள் சுருண்டாள்.
குளிருக்கு
நானும் இவரும் எங்கள் போர்வையை
ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டோம்.

ஒன்றில்தானே.
ஓடட்டும்.